பானைக்குப் பின்னால்

யாரும் பார்க்கப் போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த ஒன்றை ஒருவர் ஏன் முழுசாக வரைய வேண்டும்?

சுகாசினி வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். கேட்டவர்களுக்கு அவள் சொன்னது பதில் மாதிரி இருக்குமே தவிர பதிலாக இருக்காது. "நவுந்தா தெரியும் இல்ல?" என்பாள். முன்னால் இருப்பது நகரப்போவதே இல்லையே என்றால், "நவுராதுதான்" என்று ஒப்புக்கொண்டு, கையை நிறுத்தாமல் வரைந்துகொண்டிருப்பாள்.

அவள் வேலை செய்தது தர்மனின் வீடியோ ஸ்டுடியோவில். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. தர்மன் கல்யாண வீடியோ எடுப்பார், கல்யாணப் பத்திரிகைக்குக் கம்போஸ் செய்து கொடுப்பார். இரண்டாயிரத்து ஐந்துக்குப் பிறகு உள்ளூர் கேபிள் சேனலுக்கு விளம்பரமும் செய்ய ஆரம்பித்தார். பெரிய சேனல்களில் கம்பெனிகளின் பெயர் பறந்து வந்து, சுழன்று, மின்னி உட்காருவதைப் பார்த்துவிட்டு, காந்தி ரோட்டுப் பட்டுக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தங்கள் மார்க்கும் அப்படி உட்கார வேண்டும் என்று ஆகிவிட்டிருந்தது.

பறப்பதற்கு முன் அது பிரிய வேண்டும். கடைக்காரர் கொண்டுவந்து தருவது விசிட்டிங் கார்டு, அல்லது துணிப்பை, அல்லது போன வருஷத்துக் காலண்டர். அதில் மார்க் ஒரே படமாக ஒட்டிக் கிடக்கும். அன்னத்தின் கழுத்து மட்டும் அசைய வேண்டுமானால், கழுத்து என்று ஒன்று தனியாக இருப்பது கணினிக்குத் தெரிய வேண்டும். ஸ்கேன் செய்த படத்தைக் கோரல் என்ற மென்பொருளில் போட்டு ட்ரேஸ் கொடுத்தால், நிறம் மாறும் இடமெல்லாம் கோடு கிழித்து அது துண்டு துண்டாக்கித் தரும். முந்நூறு துண்டு, சில சமயம் நானூறு. அன்னத்தின் கண் ஒரு துண்டு. பக்கத்தில் அச்சு மை தெறித்த புள்ளி இன்னொரு துண்டு. கணினிக்கு இரண்டும் சமம். எது மார்க், எது அழுக்கு என்று ஒரு மனுஷிதான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பிரித்த துண்டுகளை லேயர் லேயராக அடுக்கி, அசைய வைக்கும் வேறொரு மென்பொருளுக்குள் கொண்டுபோக வேண்டும்.

அங்கே அடுத்த சங்கடம் காத்திருக்கும். படத்தில் கோபுரத்துக்கு முன்னால் அன்னம் நிற்கிறது. அன்னத்தை ஓரமாக நகர்த்தினால், கோபுரத்தில் அன்னத்தின் வடிவத்தில் ஓர் ஓட்டை. அந்த இடத்தில் கோபுரம் எப்படி இருந்தது? எப்படியும் இல்லை. யாரும் அதை வரையவே இல்லை. இனிமேல்தான் வரைய வேண்டும்.

சுகாசினிக்கு இந்த இடம் பிடித்துப் போயிற்று. அன்னம் நகரும் அகலத்துக்கு மட்டும் நாலு கோடு இழுத்து நிரப்பினால் போதும். அவளோ அடித்தளத்திலிருந்து கலசம் வரை கோபுரத்தின் எல்லா நிலைகளையும் வரைவாள். குத்துவிளக்குக்கு முன்னால் தாமரை இருந்தால், விளக்கின் தண்டை முழுசாக வரைந்து அதன் மேல் தாமரையை வைப்பாள். தாமரை அசையாத விளம்பரத்திலும் தண்டு முழுசாகவே இருக்கும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்களுக்கு ரெக்கார்டு நோட்டு வரைந்து கொடுத்த காலத்திலேயே, இலைக்கு அடியில் போகும் காம்பைப் பென்சிலால் லேசாக வரைந்து, பிறகு அழிக்கிற பழக்கம் இருந்ததாம். இதைத் திறமை என்று சொல்வதா, ஒழிக்க முடியாத பழக்கம் என்று சொல்வதா தெரியவில்லை. அவளைவிட வேகமாக, அவளைவிட அழகாகச் செய்பவர்கள் சென்னையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கோபுரத்தை முழுசாக வரைந்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

"இன்னாமா பண்ணிக்கினு இருக்கற? பின்னாடி இருக்கறத எவன் பாக்கப் போறான்?" என்று தர்மன் தலையில் கை வைத்துக்கொள்வார்.

அவர் கேட்பதில் நியாயம் இருந்தது. சுகாசினி அந்த ஸ்டுடியோவுக்கு வந்தது பத்திரிகை கம்போஸ் செய்வதற்காக. ஏனாத்தூர்க் காலனியில் வீடு. அம்மா எல்லம்மாள் அங்கே ஒரு மாணவர் விடுதியில் சமையல். பிளஸ் டூ முடித்து, டிடிபி பயின்று, 'நிகழும் மங்களகரமான' என்று ஐந்து வருஷம் அடித்துக்கொண்டிருந்தாள். கிராஃபிக்ஸ் கணினியில் உட்கார்ந்திருந்தவர் துபாய் போனதும், இரண்டாயிரத்து ஏழு பங்குனியில், தர்மன் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். நிரந்தரம் என்று சொல்லவில்லை. வைகாசித் திருவிழா வரைக்கும் பார்ப்போம், சரிப்படாவிட்டால் சென்னையிலிருந்து ஆள் எடுத்துக்கொள்கிறேன், நீ பத்திரிகைக்கே போய்விடு என்றார். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். இருபத்தேழு வயதில் முதல்முறையாக, தான் யோசித்துக்கொண்டிருந்ததைக் கேட்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. பத்திரிகையில் பெயர்தான் மாறும். இங்கே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பின்பக்கம் இருந்தது.

திருவிழா நெருங்கும்போது வந்தது பானை மார்க்.

பானை மார்க் புளிக்காய்ச்சல் சின்னக் காஞ்சிபுரத்தில் அறுபது வருஷமாக நடக்கிற வியாபாரம். தகர டப்பா, மஞ்சள் லேபிள். லேபிளில் பெரிய நாமம் ஒன்று. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு கோடு. அதன் கீழ்ப்பாதியை மறைத்தபடி, மூடி போட்ட வெண்கலப் பானை. கல்யாண வீடுகளும் சத்திரங்களும் எல்லம்மாளின் விடுதியும்கூட அதைத்தான் வாங்கின. நாமம் அவ்வளவு பெரிதாக இருந்தும் யாரும் அதை நாமம் மார்க் என்று சொன்னதில்லை.

முதலாளி கிருஷ்ணஸ்வாமிக்கு எழுபது வயது. திருவிழாவின் பத்து நாளும் கேபிளில் தன் விளம்பரம் ஓட வேண்டும் என்று தர்மனிடம் ஏற்பாடு செய்துவிட்டு, காலி டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சும்மா நிற்கக் கூடாது, மார்க் அசைய வேண்டும். எதிர்க்கடைக்காரன் மிளகாய்ப்பொடிப் பொட்டலமே ஆடிக்கொண்டு வருகிறது என்று மட்டும் சொன்னார்.

சுகாசினி லேபிளை ஆவி காட்டி உரித்து, ஸ்கேன் செய்து, ட்ரேஸ் கொடுத்தாள். நூற்றெண்பது துண்டு. பானை விளிம்பில் இருந்த வெள்ளை மினுக்கும் நாமத்தின் வெள்ளையும் தொட்டுக்கொண்டிருந்ததால் இரண்டையும் சேர்த்து ஒரே துண்டாகக் கொடுத்திருந்தது. பானை எங்கே முடிகிறது, நாமம் எங்கே தொடங்குகிறது என்று லேபிளில் கோடு இல்லை. அவளாக ஒரு கோடு போட்டு வெட்டினாள். பானையைத் தனியாக எடுத்து ஓரம் வைத்தாள். பானை இருந்த இடத்தில் வழக்கமான ஓட்டை.

அவள் மனதில் திட்டம் இருந்தது. முதலில் நாமம் மேலிருந்து கீழாகத் தன்னைத்தானே எழுதிக்கொள்ளும். ஒரு கணம் நிற்கும். பிறகு பானை மேலேயிருந்து வந்து 'டங்' என்று அதன் முன்னால் உட்காரும். அந்த ஒரு கணத்துக்கு நாமத்தின் அடி வேண்டும்.

வைணவர்களின் நாமம் இரண்டு வகை என்பது காஞ்சிபுரத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தென்கலையாருக்கு அடியில் பாதம் உண்டு, மூக்குத்தண்டின் மேல் இறங்கும். வடகலையாருக்குப் பாதம் கிடையாது, கிண்ணத்தின் அடிபோல வளைந்து புருவத்தோடு முடியும். அவளுக்கும் தெரியும், தினமும் பஸ் ஜன்னலிலிருந்து இரண்டையும் பார்த்தவள்தான். ஆனால் அது நெற்றிகளின் கேள்வியாக, யாருடைய நாமம் என்ற கேள்வியாக, அவளுக்குத் தோன்றவில்லை. அடி எப்படி இருக்கும் என்று தர்மனைக் கேட்டாள். பிள்ளையார்பாளையத்தில் விபூதி பூசும் வீட்டில் பிறந்த தர்மன், கைபேசியில் யாரிடமோ பேசியபடியே, "நாமம்தானே, நாமம் மாதிரி போடு" என்றார். சரி, கோட்டையே கேட்போம் என்று, வெட்டுப்பட்ட நுனிகளைப் பிடித்து அவை சாய்ந்த பக்கமே நீட்டினாள். இடது கோடு வலப்பக்கமாகச் சாய்ந்தது, வலது கோடு இடப்பக்கமாக. இரண்டும் கீழே வளைந்து வந்து மெத்தென்று சேர்ந்தன. பாதம் வைக்க இடமே கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் முடிந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்ததைப் பார்த்தாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

நாமம் முழுசாக நின்றது பதினொரு ஃப்ரேம். ஒரு நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம் என்றால், அரை நொடிகூட இல்லை. கொடியேற்றத்தன்று காலையிலிருந்து கேபிளில் ஓடியது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

மதியத்துக்குள் கிருஷ்ணஸ்வாமி படியேறி வந்துவிட்டார். அகலக்கரை வேட்டி, கையில் அதே டப்பா, நெற்றியில் பாதம் வைத்த தென்கலை நாமம். ஃபேனுக்கு அடியில் நாற்காலியைப் போட்டதும் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, விளம்பரத்தைப் போடச் சொன்னார். போட்டாள். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவை, "அங்க நிறுத்து" என்றார். நிறுத்தினாள். திரையில் நாமம் தனியாக, பாதமில்லாமல், முழுசாக நின்றது.

காலையிலிருந்து அவர் வீட்டு டெலிபோன் ஓயவில்லை. அவரைச் சேர்ந்தவர்கள், எத்தனை நாளாக இந்த மாற்றம், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தவர்கள், உங்கள் நெற்றியில் ஒன்று, டப்பாவில் ஒன்றா, எங்களை வைத்து விளையாட்டா என்று கேட்டிருக்கிறார்கள். கருட சேவைக்கு வரும் ஜனத்துக்குப் புளியோதரை போட அறுபது டப்பா சொல்லியிருந்த ஒரு வீட்டில், வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அவர் சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று தர்மனுக்கு இருந்தது.

"யார் போட்டா இதை?" என்று கிருஷ்ணஸ்வாமி திரையைக் காட்டிக் கேட்டார்.

தர்மன் முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டரே போட்டுது சாமி. ஆட்டோமேட்டிக்கா அதுவே ஃபில் பண்ணிக்கும். நம்ம கையில ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டுச் சுகாசினியைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும் என்று அந்தப் பார்வை சொன்னது.

ஆட்டியிருக்கலாம். பழி ஒரு மென்பொருள் மேல் போகும். அதற்கு என்ன மானம், நாற்காலி தப்பும். ஆனால் கணினி போட்டது ஓட்டை மட்டும்தான். ஓட்டையை மூடியது யார் என்ற கேள்விக்கு வேறு பதில் அவளிடம் இல்லை.

"இல்ல சார். நான்தான் வரைஞ்சேன்" என்றாள்.

"யாரைக் கேட்டு?"

"கோடு போற போக்க பாத்து வரைஞ்சேன் சார்."

கிழவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். கோபத்துக்கு நடுவே ஏதோ ஒன்று அவருக்கும் சுவாரசியமாகிவிட்டது போலிருந்தது. "கோடு எந்தப் பக்கம் போறதுன்னு நீ கண்டுபிடிச்சுட்டியாக்கும்? அறுபது வருஷமா ஊரே கண்டுபிடிக்கலை" என்றார்.

அவள் பயந்துதான் இருந்தாள், ஆனாலும் கேட்டுவிட்டாள். "அப்ப பானைக்குப் பின்னாடி நெஜமா இன்னா இருந்துது சார்? நான் மறைஞ்சதத்தான் வரையறோம்னு நெனச்சேன்."

"மறைஞ்சது இல்லம்மா. அங்க ஒண்ணும் இல்லவே இல்லை."

அவருடைய அப்பா வியாபாரம் தொடங்கியபோது பெயின்டர் ஒருவரை வைத்து லேபிள் எழுதினாராம். பெயின்டர் நாமத்தை முதலில் எழுதி அதன் மேல் பானையை எழுதப் பார்த்திருக்கிறார். அப்பா தடுத்து, முதலில் பானையை எழுது, பானை விட்ட இடத்தில் மட்டும் நாமத்தை எழுது என்றாராம். நடுக்கோட்டைக்கூடத் தென்கலையாரின் சிவப்போ வடகலையாரின் மஞ்சளோ இல்லாமல் புளி நிறத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். பானையைத் தூக்கிப் பார்க்க அப்போது யாராலும் முடியாது.

"என் நெத்தி என்னோடதும்மா. டப்பா ஊரோடது. தென்கலையோ வடகலையோ, ரெண்டாத்துச் சமையல் உள்ளுக்கும் அது போயாகணும்" என்றார் கிருஷ்ணஸ்வாமி. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "அது போகட்டும், மேலேர்ந்து கீழ இழுத்திருக்கே. நாமத்தை எவன் அப்படி இட்டுப்பான்? கீழேர்ந்து மேலதான்."

விளம்பரத்தை உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாளை மறுநாள் விடியற்காலை கருட சேவை. ஊரும் வெளியூரும் கூடும் நாள். அதற்குள் ஒழுங்கான விளம்பரம் ஓடினால் எல்லோரும் இதை மறந்துவிடுவார்கள். ஓடாவிட்டால், கடைசியாகப் பார்த்ததைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். திருவிழா விளம்பரத்தையும் அவர் வேறு இடத்தில் கொடுத்துவிடுவார். கேபிள் கட்டுப்பாட்டு அறைக்கு மறுநாள் மாலை ஆறு மணிக்குள் சிடி போக வேண்டும். கீழே வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்த தர்மன், நேரே சுகாசினியின் மேசைக்குப் போனார். நாளைக்கு இது சரியாகவில்லை என்றால் சென்னைக்கு ஃபோன் போடப் போவதாக மட்டும் சொன்னார். கம்ப்யூட்டர் மேல் போட்ட பழியை ஏன் எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டாய் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டார்.

அவள் உட்கார்ந்து பார்த்தாள். பானையை மெல்ல ஆட்டினாள். ஒரு பக்கம் மயிரிழை விலகியதும் பின்னால் வெறும் மஞ்சள் தெரிந்தது. கோடுகள் வெட்டுப்பட்டு அந்தரத்தில் நின்றன. பானையும் நாமமும் ஒன்றாக வரட்டும் என்று சேர்த்துக் கட்டி மேலே கிளப்பினாள். தர்மன் எட்டிப் பார்த்து, "இதுக்கு போட்டோவையே காட்டிடலாமே" என்றார். உண்மைதான். அசைவு என்றால் ஒன்று இன்னொன்றை விட்டு விலக வேண்டும். விலகினால் நடுவில் இருப்பது தெரியும். நடுவில் இருப்பது தெரியவே கூடாது, ஆனால் அசைய வேண்டும். பொழுது சாயும்வரை இதையே சுற்றி வந்தாள். இரண்டு மாசம் முன்னால் என்றால் இந்நேரம் மூன்று பத்திரிகை முடித்திருப்பாள்.

மறுநாள் காலை ஏனாத்தூரில், விடுதிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த எல்லம்மாளிடம் முழுக் கதையையும் சொன்னாள். அம்மாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கண் சிமிட்டற நேரத்துக்கு இத்தனை பஞ்சாயத்தா என்றாள். பிறகு தலையை முடிந்துகொண்டே யோசித்தாள். இருநூறு பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாகச் சமைத்தவள். பானைகளைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயங்கள் உண்டு.

"சோத்துப் பானைய எவடி தூக்கி தூக்கி வெப்பா? அடுப்புல வெச்சா வெச்சதுதான். மூடியத் தூக்கு" என்றாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. சுகாசினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். மூடியைத் தூக்கினால் ஆவி வரும். ஆவி கீழிருந்து மேலேதான் போகும். கீழேர்ந்து மேலதான் என்று கிழவரும் சொல்லியிருக்கிறார். ஆவி வெள்ளையாக இருக்கும். பேருந்து நிலையத்தில் இறங்கி, வழக்கமாக டீ குடிக்கும் கடையில் நிற்காமலே படியேறினாள்.

பானை முதலில் வந்தது, அடுப்பில் வைத்த மாதிரி அசையாமல். மூடி ஒரு விரற்கடை எழும்பியது; பக்கத்துக்கு ஒன்றாக ஆவி இரண்டு இழையாகக் கிளம்பி, நெளிந்து, மேலே போகப் போகக் கனத்து, நிமிர்ந்து, நாமத்தின் இரண்டு வெள்ளைக் கோடுகளாக நின்றது. நடுவில் புளி நிறக் கோடு தீபம் ஏற்றுவது போல எழுந்தது. மூடி மறுபடி உட்கார்ந்தது. எந்த ஒரு ஃப்ரேமிலும் நாமம் பானையைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. அது தொடங்குவதே பானையின் தோளில்தான். மூடிக்கும் பானை வாய்க்கும் இடையே தெரியும் அந்தச் சின்ன இடைவெளிக்கு மட்டும், பானையின் உள்ளே இருக்கும் இருட்டைத் தனியாக ஒரு துண்டாக வரைந்து வைத்தாள்.

நாலு மணிக்குக் கிருஷ்ணஸ்வாமி வந்தார். இந்தத் தடவை உட்காராமல் நின்றே பார்த்தார். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள்; அறுபது, எழுபது ஃப்ரேம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார்.

"தப்பில்லை" என்றார். அவருடைய அகராதியில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது என்று தர்மனுக்குத் தெரியும். தர்மன் வெற்று சிடி ஒன்றைக் கையில் எடுத்தார்.

"முதல்ல நீ போட்ட அடி எங்க இருக்கு?" என்று கேட்டார் கிருஷ்ணஸ்வாமி.

அவள் பழைய ஃபைலைத் திறந்து, பானையை நகர்த்திக் காட்டினாள். வளைவு அப்படியே இருந்தது.

"அழி."

அழித்தாள்.

"போயிடுத்தா? எங்கயாவது ஒளிஞ்சிண்டிருக்குமா?"

"அன்டூ குடுத்தா வரும் சார்."

"குடுக்காதே" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, அதை மறைக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

கருட சேவையன்று விடியற்காலையிலிருந்து புது விளம்பரம் ஓடியது. டெலிபோன் அடிக்கவில்லை. அறுபது டப்பா வேண்டாம் என்ற வீட்டிலிருந்து, காரணம் ஒன்றும் சொல்லாமல், நாற்பது போதும் என்று ஆள் வந்தது. நாற்காலியைப் பற்றித் தர்மன் வாய் திறக்கவே இல்லை. ஆனால் பத்து நாள் கழித்து, பத்திரிகைக் கணினியில் உட்கார ஆள் தேவை என்று கீழே ஜெராக்ஸ் கடையில் ஒரு காகிதம் ஒட்டினார். சுகாசினிதான் அதை டைப் அடித்துக் கொடுத்தாள். அந்த நாற்காலியில் அவள் மேலும் ஏழு வருஷம் இருந்தாள். எத்தனையோ கடைகளின் மார்க்குகளைப் பிரித்துச் சேர்த்தாள். எல்லாவற்றிலும் பின்பக்கம் முழுசாக இருந்தது. தர்மன் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்.

சொல்ல வேண்டியது கருட சேவைக்கு முந்தின மாலையில் நடந்த ஒன்றுதான். கிருஷ்ணஸ்வாமி போன பிறகு மணி நாலே முக்கால். ரெண்டர் கொடுத்து விளம்பரத்தை வீடியோவாக்க அரை மணி நேரமாவது வேண்டும். தர்மன் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். சுகாசினி ஒரு நிமிஷம் என்று சொல்லிப் புது ஃபைலைத் திறந்தாள். நாமத்தின் இரண்டு கோடுகளும் பானையின் ஓரத்தோடு, கத்தியால் நறுக்கியது போல முடிந்து நின்றன. எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாதவள் அந்த நுனிகளை அப்படியே விட்டாள். அவற்றைத் தொட முடியாதபடி லேயரைப் பூட்டினாள்.

பிறகு பானைக்குள் போனாள். முன்பக்கத்தை விலக்கி, தான் வரைந்த இருட்டுக்குள் சோறு வரைய ஆரம்பித்தாள். புளியோதரை இல்லை, கடலையோ கருவேப்பிலையோ இல்லாத வெறும் வெள்ளைச் சோறு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனித் துண்டாக, பானை பாதி நிறையும் வரை. இருபது நிமிஷம் ஆயிற்று. முடித்ததும் பானையின் முன்பக்கத்தைப் பழையபடி அதன் மேல் வைத்தாள். திரையில் எந்த மாற்றமும் இல்லை.

பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தர்மனுக்குத் தாங்கவில்லை. "புளிக்காய்ச்சல் விளம்பரத்துல வெறும் சோறா? அதுவும் மூடி போட்ட பானையில? எவனுக்குமா இது?" என்று கேட்டார்.

அவள் ரெண்டர் பொத்தானை அழுத்தி, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான் என்றாள்.